டுமீல் பாய் வீட்டுத் துப்பாக்கி

சென்னை மாநகரத்திலேயே கையில் துப்பாக்கியுடன் வாசலில் நின்று, "உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று மிரட்டியவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் எங்கள் மந்தைவெளி ஃபிளாட்டின் தரைத்தளத்து டுமீல் பாய். நிஜப் பெயர் லெட்டர் பாக்ஸில் எழுதியிருக்கிறது. நாங்கள் யாரும் படித்ததில்லை.

பாய் ராயப்பேட்டையில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு கடையை விட்டுவிட்டு, வீட்டு ஹாலில் ஆளுயரத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி கட்டினார். நடுவில் பழைய டியூப் டிவி, ஏனென்றால் அந்தத் துப்பாக்கிக்குப் புது டிவி ஒத்துக்கொள்ளாதாம். சுற்றிலும் கல்யாண போட்டோவுக்கு அடிக்கிற தங்கக் கலர் சட்டம். பார்த்தால் மாலை போட்டுக் கும்பிடத் தோன்றும். ஒயரில் தொங்கும் பிளாஸ்டிக் துப்பாக்கியால், பெசன்ட் நகர் பீச்சில் சுடுவது மாதிரி, திரையில் பறக்கும் பலூன்களைச் சுட வேண்டும். பலூன் வெடித்தால் 'டுமீல்' என்று தெருமுனை வரை கேட்கும்.

ஒரே ஒரு குறை. எங்கே குறி வைத்தாலும் குண்டு இரண்டு விரல்கடை தள்ளி இடப்பக்கம் விழும்.

"நான் சுட்டா என் கை தப்பா, துப்பாக்கி தப்பான்னு தெரியாது சார். வேற ஆள் சுடணும். அதுக்குப் பேருதான் டெஸ்டிங்கு" என்பார் பாய். தண்ணீர் கேன் போடுபவர், மின்சார மீட்டர் பார்ப்பவர், கொரியர்காரர் என்று பத்து ஷாட் சுடாமல் அந்த வாசலைத் தாண்டியவர் கிடையாது. சுட்டவருக்கு டீ, கூடவே சமோசா.

மாடிப்படி பெருக்க வரும் கன்னியம்மா ஒரு நாள் பத்துக்குப் பத்து சுட்டுத் தள்ளிவிட்டாள்.

"இன்னா பாய், நல்லாத்தானே கீது? அது கோணலா போனா, நாமளும் கோணலா சுட வேண்டியதுதான்!"

பாய்க்கு முகம் செத்துவிட்டது. "ஜன்னல் வெளிச்சம் பட்டுக்கினு கீது. இது செல்லாது. மறுபடி சுடு" என்று ஜன்னலைச் சாத்தினார். அடுத்த முறை மூன்று தவறியது. அதன் பிறகுதான் மனுஷனுக்கு மூச்சே வந்தது.

நானும் தனிக்கட்டை. வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். பல நாள் நான் வாய் திறந்து பேசும் முதல் ஆளே பாய்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கீழேயிருந்து குரல் வரும்: "சார், ஒரு பத்து ஷாட்டு!"

"உங்களுக்கு வேற வேலையே இல்லியா பாய்?"

"உங்களுக்கு மட்டும் வேலை கீதா?"

துப்பாக்கியை வாங்கிச் சுடுவேன்.

அப்படியே இருந்திருக்கலாம். சும்மா இராமல், நங்கநல்லூரிலிருந்து வந்த என் நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். எலெக்ட்ரானிக்ஸ் ஆசாமி. துப்பாக்கி வாயிலிருந்த குட்டிக் கண்ணாடியைத் துடைத்தான், டிவியின் பின்னால் எதையோ திருகினான், கால் மணி நேரத்தில் குண்டு குறி வைத்த இடத்திலேயே விழுந்தது. நான்தான் பலமாகக் கைதட்டினேன். பாய் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸு. வேலை முடிஞ்சிருச்சு" என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்குக் குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எட்டு நாள் பொறுத்துக் கீழே போனால், அணைந்த டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சுடலியா பாய்?"

"இன்னாத்துக்கு சார்? அதான் சரியாயிருச்சே."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சும்மா வாங்க என்று கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை. சும்மா போய் உட்காரும் பழக்கம் எனக்கும் இல்லை. எங்கள் ஃபிளாட்டில் யாருக்குமே கிடையாது, ஏதாவது ஒரு வேலை இருந்தால்தான் கதவு தட்டுவோம். அந்த ஒரு வேலையையும் நான் ஆள் வைத்து முடித்துவிட்டேன். அந்த எட்டு நாளில் எனக்கும் பேச்சு மறந்துபோயிருந்தது.

டிவியைப் போடச் சொல்லித் துப்பாக்கியை எடுத்தேன். ஒன்பது பலூன் வெடித்தது. பத்தாவதை வேண்டுமென்றே விட்டேன்.

"பாய், ட்ரிகர் இறுகுதே!"

பாய் வாங்கிக் காதோரம் வைத்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அது வெண்ணெய் மாதிரி இருந்தது எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா சார். நானும் நெனச்சேன். இது ஸ்பிரிங் சமாச்சாரம், டெய்லி டெஸ்ட் பண்ணணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"சொல்ல முடியாது சார்" என்று டீ போட எழுந்து போனார்.

இரண்டு வருஷம் ஆகிறது. ட்ரிகர் இன்னும் சரியாகவில்லை. சரியாகிவிடக் கூடாதே என்றுதான் தினமும் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன்.