ஈரச் சுவருக்கு முன்னால் நின்றவன்

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு முத்தம். நான் நலம். அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறு போடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

"அச்சக வேலையை விட்டுட்டு வீட்டு புரோக்கராப் போறேன்னு சொல்றியே, யோசிச்சுதான் பேசறியா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். அதனால் கடிதம். திங்கட்கிழமைக்குள் என்னைக் கூப்பிட்ட புரோக்கருக்கு முடிவு சொல்ல வேண்டும்.

என் எண்ணம் எளிமையானது. ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும். வாடகைக்கு விட வேண்டும். அப்புறம் இன்னொன்று. விலைக்கு வரும் வீடு முதலில் யார் கண்ணில் படும்? புரோக்கர் கண்ணில். அப்படியானால் நானே புரோக்கராகிவிட்டால்? கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் புரோக்கர் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். இடுப்பில் எப்போதும் சாவிகள் குலுங்கும். எல்லோருக்கும் அவர் கொத்துச்சாவி. லீவு நாட்களில் என்கூட வந்து பழகு, பிடித்தால் சேர்ந்துகொள் என்றார். அவர் தொழில் செய்கிற அழகே தனி. வீடு பார்க்க ஆள் வருவதற்கு முன்பே போய் எல்லா விளக்கையும் போடுவார், குழாயைத் திறந்து பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை ஓட விடுவார், மெக்கானிக் ஷெட் பக்கத்து ஜன்னலை இறுக்கிச் சாத்துவார், இருட்டறையைக் குளுமையான அறை என்பார், திரும்ப இடமில்லாத சமையலறையை எல்லாம் கைக்கெட்டுகிற சமையலறை என்பார், கடைசியில் படுக்கையறைச் சுவரில் பாய் அகலத்துக்கு ஊறியிருந்த ஈரத்தைக் காட்டி, நீ இதுக்கு முன்னால நின்னாப் போதும் என்று என்னை அங்கே நிறுத்தினார், நானும் நின்றேன், ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்து கூடத்தைப் பார்த்து, பால்கனியைப் பார்த்து, படுக்கையறைக்குள் வந்தார்கள், பீரோவை எங்கே வைக்கலாம் என்று கைகளை விரித்து அளந்துகொண்டே அந்த அம்மா நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"தம்பி, கொஞ்சம் நகருங்களேன்."

நகரவில்லை.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"ஈரம்" என்றேன்.

அக்கா, நான் பிழை திருத்துபவன். மற்றவர்கள் கவனிக்காமல் விட்டதைச் சுற்றி நாள் முழுக்க வட்டம் போடுகிறவன். ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்க இந்த உடம்பு பழகவில்லை. திறந்த வாய் மூடவும் இல்லை. குழாய், ஜன்னல், ஷெட் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. டிரைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மாடிப்படியில் கொத்துச்சாவி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உன்னை நிக்கத்தானே சொன்னேன். பேசச் சொன்னேனா?"

அடுத்த வாரம் வேறு வீடு. இரண்டே அறை. வெயில் உள்ளறைவரை வந்தது. ஈரம் இல்லை, தேடினேன். இதுதான் நான் வாங்க வேண்டிய வீடு என்று முடிவே செய்துவிட்டேன். அது ஒரு தையல்கார அம்மாவின் வீடு. மகளோடு போய் இருக்கப் போகிறார். மிஷினை ஏற்கெனவே துணி போட்டு மூடியிருந்தார். வாங்குபவனாக நான் விலையைக் குறைக்க வேண்டும். புரோக்கராக ஏற்ற வேண்டும். ஜன்னல் சட்டம் கொஞ்சம் உளுத்திருக்கிறதே என்று மெல்ல ஆரம்பித்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நல்ல புள்ளையாத் தெரியறே. நீயே பார்த்து நல்ல விலைக்கு முடிச்சுக் குடுத்துடு. எனக்குப் பேசத் தெரியாது."

தண்ணீரைக் குடித்தேன். நல்ல விலைக்கு முடித்துக் கொடுத்தேன். வேறொருவருக்கு. கொத்துச்சாவி முதல்முறையாக என் முதுகில் தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகவே முடிவு. ஒரே ஆள் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார முடியாது. வீடு வாங்க நினைப்பவன் புரோக்கரிடம் போகலாம். புரோக்கராகப் போகக் கூடாது. அச்சகத்திலேயே இருக்கிறேன். மெதுவாகச் சேர்த்து மெதுவாக வாங்குகிறேன். முதல் வீட்டில் நீதான் குடியிருப்பாய். வீடு வீடாக மூட்டை கட்டி உனக்கு முதுகே போய்விட்டது என்று எனக்குத் தெரியாதா? அதுவரை இப்போதைய வீட்டில், தூக்கிச் சாத்த வேண்டிய அந்தக் குளியலறைக் கதவோடு, நிம்மதியாக இரு.

மாமாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல். சின்னவள் நன்றாக வளரட்டும்.

உன் பேச்சைத் தட்டாத
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கொத்துச்சாவி வந்தார். புதிதாக ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். விலாசம் சொன்னார். நீ இருக்கும் வீடு. உங்கள் ஓனர் உன்னிடம் இன்னும் வாயே திறக்கவில்லை போலிருக்கிறது. நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். அந்த வீட்டை மட்டும் நானே காட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, வீடு பார்க்கும் முதல் ஆளோடு வருவேன். குழாயை முன்கூட்டித் திறந்து விடாதே. ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். குளியலறைக் கதவில் யாரும் கை வைக்க வேண்டாம். நான் எதற்கு முன்னாலும் நிற்க மாட்டேன்.