கண்ணாடி நானாவும் உப்புக்காற்றும்

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடையில் ஒளிவு மறைவே இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் கண்ணாடி நானாதான். அவருடைய குணத்தை வைத்துச் சொல்லவில்லை, வீட்டை வைத்துச் சொல்கிறேன். அவர் காலையில் பல் விளக்குவது, சாரத்தை இறுக்கிக் கட்டுவது, பாணைச் சம்பலில் தோய்த்துக் கடிப்பது எல்லாவற்றையும் எதிர்வீட்டில் இருந்த நான் விரும்பாமலே பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் மாம்புரிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் ஊரான உடப்பிலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வர முடியாமல் அங்கேயே ஒரு அறை எடுத்தேன். அறை எடுத்த நாளில் எதிரே வீடு இல்லை. எட்டுக் கொங்கிரீட் தூண்கள், அவற்றின் மேலே ஒரு தட்டு, அவ்வளவுதான். கீழே மேசன் பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“நானா, கல்லு எப்ப வரும்?”

“என்ன கல்லு?”

“சுவருக்குக் கல்லு.”

“சுவரே இல்லையே பாஸ். அந்தா தெரியுதே கடல், அதுதான் சுவர்.”

பாஸ் கடலைப் பார்த்தார். நானாவைப் பார்த்தார். பிறகு தன் சாமான்களைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நானா சும்மா ஆள் இல்லை. வளைகுடா நாடொன்றில் இருபது வருடம் உயர்ந்த கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்தவர். நாற்பதாம் மாடியில் கயிற்றில் தொங்கியபடி துடைப்பாராம்.

“உள்ளுக்கு இரிக்கிறவங்க கோப்பி குடிப்பாங்க, கதைப்பாங்க, சிரிப்பாங்க. நான் ஒரு முழம் தள்ளி வெயில்ல தொங்குவேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க சேர். அண்டைக்கே நிய்யத்து வச்சேன், ஒரு நாளைக்கு நானும் கண்ணாடிக்கு உள்ளால இரிக்கோணும் எண்டு.”

யாரோ எறிந்துவிட்டுப் போன சஞ்சிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தை அவர் சட்டைப்பையில் வைத்திருந்தார். மரங்களுக்கு நடுவில் ஒரு வீடு. ஒரு சுவர்கூடக் கிடையாது, நாலு பக்கமும் கண்ணாடி. மற்றவர்கள் பிள்ளையின் படத்தைக் காட்டுவதுபோல் நானா அதைக் காட்டுவார்.

வீடு முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகென்றால் அப்படி ஒரு அழகு. பொழுது படும் நேரத்தில் கடல் முழுவதும் முன்னறைக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்துவிடும். முதல் மழை பெய்த அன்று நானா என்னைக் கூப்பிட்டார். சுற்றிவர மழை கொட்டுகிறது, நடுவில் நாங்கள் ஒரு துளி படாமல் இஞ்சித் தேத்தண்ணி குடிக்கிறோம். மனிதர் எதற்காகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள் என்று அன்று மெய்யாகவே யோசித்தேன்.

அடுத்த நாள் காலை ஒரு ஆட்டுக்கடா அதற்குப் பதில் சொன்னது. கண்ணாடிக்குள் இன்னொரு கடா நிற்பதைக் கண்டு மூன்றடி பின்னால் போய் ஓடிவந்து முட்டியது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடா மட்டும் தினமும் ஏழரை மணிக்கு, கோர்ட்டில் வழக்கு இருப்பதுபோல, தவறாமல் வந்து முட்டிவிட்டுப் போகும்.

பதினொரு மணிக்குப் பிறகு உள்ளே இருக்க ஏலாது. முட்டையை மேசையில் வைத்தால் அரைவாசி அவிந்துவிடும். நானா பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே தென்னை மரத்தடியில் போய்ப் படுத்துத் தன் வீட்டை ரசிப்பார். காலையிலும் அவர் வெளியேதான். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து கண்ணாடியில் பூசிவிடும். காலையில் துடைத்தால் பின்னேரம் மங்கும். இரண்டு மணித்தியாலம் ஏணியில் நின்று துடைப்பார். உள்ளே இருக்க ஆசைப்பட்ட மனிதர் மறுபடியும் வெளியே நின்றார்.

சாப்பாட்டு நேரத்தைக் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கத்தில், சாப்பிடும்போது ஒருவர் கண்டுவிட்டால் “வாங்க சாப்பிட” என்று கூப்பிடாமல் வாயில் சோறு வைக்கக்கூடாது. சுவர் உள்ளவர்களுக்கு அது லேசான மரியாதை. நானா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலை தூக்கிப் போகிறவர், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், மரக்கறி லொறி என்று எல்லோருக்கும் கை காட்டுவார். அநேகமானோர் “இப்பதான் திண்டேன் நானா” என்று போய்விடுவார்கள். ஒருநாள் லொறி நின்றது. சாரதியும் கிளீனரும் இறங்கிக் கைகழுவி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானாவின் மனைவி, நாங்கள் எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுகிறவர், மறுபடியும் உலை வைத்தார்.

ஊர் மரியாதையான ஊர். பெண் இருக்கும் வீட்டை உற்றுப் பார்க்கக்கூடாது என்று போகிறவர் வருகிறவர் எல்லோரும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். மறுபக்கத்தில் என் அறை இருந்தது. முழு ஊரும் என்னைப் பார்த்துக்கொண்டு போனது. கடைசியில் திரை வாங்கிப் போட்டவன் நான்தான்.

ராத்தா பாவம். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் மட்டும் சுவர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சண்டை பிடித்து வென்றிருந்தார். மற்ற இடமெல்லாம் கண்ணாடி. விடியற்காலையிலும் தலையை மூடிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்க வேண்டும்.

“இஞ்ச பாருங்க, அடுப்படிக்கு மட்டும் ஒரு திரை போடுங்க.”

“திரை போட்டா பேந்து என்னத்துக்குக் கண்ணாடி?”

“அப்ப நீங்க கண்ணாடியோட இரிங்க. என்ட சொந்த வீட்டில நான் பஸ் ஸ்டாண்டில நிக்கிற மாதிரி இரிக்கேலாது.”

அன்றைக்கே பாலாவிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். வேறு வீட்டில் மனைவி கோபித்துப் போனால் ஊருக்குத் தெரிய ஒரு கிழமையாவது ஆகும். நானாவின் விஷயம் அன்று பகலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெரிய மேசையில் ஒற்றைப் பீங்கான். ரோட்டில் போகிறவர்களை முன்னைவிட ஆசையாகக் கூப்பிட்டார். நான் இரண்டு தரம் போனேன். நானா சமைத்த கறியைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் ஏணி சாத்தியபடியே கிடந்தது, துணி காய்ந்து தொங்கியது. ஒரு கிழமைக்கு மேலாகியும் அப்படித்தான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“சுகமில்லையா நானா?”

“நல்லாத்தான் இரிக்கேன் சேர். இனித் துடைக்க மாட்டேன். பாலாவிப் பக்கம் போனா அவக்கிட்டச் சொல்லுங்க, வீடு இப்ப வெளியால தெரியல்ல எண்டு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து நாளில் உப்பு ஏறி வீடு பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. செங்கல்லும் சீமெந்தும் இல்லாமல் காற்றே சுவர் கட்டிக்கொண்டிருந்தது. இருபது வருடம் துடைத்த கையை நானா மடியில் வைத்துக்கொண்டு உள்ளே மங்கல் வெளிச்சத்தில் இருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை பாலாவிக்குப் போனேன். ராத்தா செய்தியில் பாதியைத்தான் கேட்டார்.

“துடைக்கல்லயா? எத்தின நாளா?”

“பத்து நாள் ராத்தா.”

“யா அல்லாஹ்! காய்ச்சலோடயும் ஏணியில ஏறுற மனிசன்!”

மீதியைச் சொல்வதற்குள் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முதலே பஸ்ஸில் ஏறிவிட்டார். வந்து இறங்கி, வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு உள்ளே போனார். இந்த முறை என் அறையிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை நானா ரோட்டைக் கடந்து என் அறைக்கு வந்தார். கையில் ஈரத்துணி. கதிரையில் உட்கார்ந்தார்.

“அடுப்படிக்குப் பின்னால, கடல் பக்கமா நிக்கிறேன் சேர். உள்ளால கண்ணாடியில தட்டுறா. ‘இந்த இடத்த மட்டும் துடைங்க, எனக்குக் கடல் தெரியட்டும்’ எண்டு சொல்றா. பீங்கான் அளவுக்கு ஒரு வட்டம் துடைச்சேன். அதுக்குள்ள அவட முகம். என்னப் பாத்துச் சிரிக்கிறா.”

துணியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

“இருபது வருசம் துடைச்சேன் சேர். உள்ளுக்கு இருந்து ஒரு ஆள் என்னப் பாத்துச் சிரிச்சது இண்டைக்குத்தான்.”

மாரி மழை வந்து உப்பையெல்லாம் கழுவியபோது ராத்தா பையைத் தேடினார். நானா அதற்கு முதலே கடைக்கு ஓடித் திரைத்துணி வாங்கி வந்துவிட்டார். மழைக்காலத்துக்குத் திரை, காற்றுக்காலத்துக்கு உப்பு என்பது அவர்களுடைய உடன்படிக்கை. கடல் பக்கத்து வட்டம் மட்டும் வருடம் முழுவதும் உண்டு. போன பெருநாளுக்கு நான் போனபோது அது சுளகு அளவுக்குப் பெருத்திருந்தது.

நான் இப்போது கொழும்பில், ஒன்பதாம் மாடியில், சுற்றிவரக் கண்ணாடி போட்ட அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். இடைக்கிடை வெளியே ஒருவர் துணியோடு கயிற்றில் இறங்குவார். கூட்டம் நடந்தாலும் சரி, நான் எழும்பிப் போய் அவரைப் பார்த்து நன்றாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்து உட்காருவேன். எனக்குக் கொஞ்சம் மரை கழன்றுவிட்டது என்று அலுவலகத்தில் கதை. இருக்கட்டும். அது நானாவுக்குச் சேர வேண்டிய சிரிப்பு, போய்ச் சேர இருபது வருடம் சுணங்கிவிட்டது.