மரத்துக்குத்தான் வாங்கினேன்

“இது எனக்கில்லை, தம்பி. மரத்துக்கு.”

நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மதுக்கடை வாசலில், ஒரு பெட்டி பியரை மார்போடு அணைத்தபடி குணரத்தினம் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவர் செல்வரத்தினம், சைவ மன்றத்தின் செயலாளர். குணரத்தினம் அதன் தலைவர். போன ஞாயிறுதான் மன்றத்தில் ‘மதுவும் மானமும்’ என்ற தலைப்பில் பேசி, கைதட்டல் போதவில்லை என்ற வருத்தத்தோடு மேடையை விட்டு இறங்கியவர்.

“எந்த மரத்துக்கு, அண்ணை?”

“பீச் மரத்துக்கு.”

“ஓம், ஓம்,” என்றார் செல்வரத்தினம். அந்த இரண்டாவது ‘ஓம்’தான் குணரத்தினத்தைச் சுட்டது.

நடந்தது இதுதான். மன்றத்தில் மற்றவர்கள் கறிவேப்பிலைக் கன்றுகளைக் குளிருக்குப் பறிகொடுத்துக்கொண்டிருக்க, தலைவர் மட்டும் உறைபனிக்கும் அசையாத பீச் இனம் ஒன்றைத் தேடி வாங்கினார். நாற்றுப்பண்ணைக்காரன் கன்றை நீட்டி, “பியர் ரூட், மேட்!” என்றான். இரவு முழுக்க நன்றாக ஊறவைத்து நடச் சொன்னான். வேறு யாராவது என்றால் திருப்பிக் கேட்டிருப்பார்கள். குணரத்தினம் கொழும்பில் அரச கந்தோரில் ஆங்கிலத்தில் கோப்பெழுதியவர். வெள்ளைக்காரனிடம் எதையும் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

“குளிர் தாங்கத்தானே வெள்ளைக்காரன் குடிக்கிறான்? அவன்ர மரமும் அப்பிடித்தான்,” என்று மனைவி யோகராணிக்கு விளக்கினார்.

“எங்கட பனை கள்ளைத் தந்தது. இது கேட்டு வாங்கிக் குடிக்குதோ?”

“உனக்கு விஞ்ஞானம் விளங்காது.”

பியரில் ஊறிய கன்று, நட்டுச் சில கிழமையாகியும் ஓர் இலை விடவில்லை. பூமியின் தென்பாதியில் இருக்கிற இந்த நாட்டில் ஆடி மாதம் நடுக் குளிர்காலம். எந்தப் பீச்சும் அப்போது இலை விடாது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் சொல்ல விட்டால்தானே! மலிவு பியர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்மானித்தார். கன்றைப் பிடுங்கி வைத்துவிட்டு, உயர்ந்த ரகமாக ஒரு பெட்டி வாங்கி வெளியே வந்த இடத்தில்தான் செல்வரத்தினம் நின்றார்.

அன்றிரவே டெலிபோன்கள் அடித்தன. “குடிச்சதைக்கூடப் பொறுக்கலாம். பழியை ஒரு வாயில்லா மரத்தில போடுறாரே!” என்று ஊர் கொதித்தது.

குணரத்தினமும் கொதித்தார். மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அவர் கடைக்குள் நுழைவதை மட்டும் மன்றத்தார் இருவர் கண்டார்கள்.

பிறகு குரங்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் மங்கரே என்ற தூரத்துப் புறநகர் வரை போய் வாங்கினார். அங்கே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் செல்வரத்தினத்தின் மைத்துனன், வேலை முடிந்து போகிற வழியில் காரை நிறுத்தி, “என்ன அண்ணை, மரத்துக்கு இன்னும் தாகம் அடங்கேல்லையோ?” என்று கேட்டான்.

முதல் தரம் ஊறவைத்த வீட்டு வாளியில் வேர் முழுதாக அமிழவில்லை. வேறு பெரிய பாத்திரம் என்று வீட்டில் இருந்தது ஒன்றுதான்: தலைவர் பொறுப்பில் இருந்த மன்றத்தின் பொங்கல் கிடாரம்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கிடாரம் எடுக்க வந்த செல்வரத்தினம் மூடியைத் திறந்தார். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது.

“பால் பொங்கிற்றுது, அண்ணை,” என்றார்.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவரை நீக்க வேண்டும். பாத்திரத்தைக் கழுவுவதா, புதைப்பதா என்றும் முடிவெடுக்க வேண்டும். குணரத்தினம் மேசையில் அறைந்தார்.

“என்ர நாக்கில ஒரு சொட்டுப் பட்டிருந்தா என்னைத் தூக்கி எறியுங்கோ! இருவத்தஞ்சு வருசம் கட்டிக்காத்த பேர், ஐசே! வாங்கோ எல்லாரும். வித்தவன்ர வாயாலயே கேளுங்கோ!”

எல்லாரும் ரத்னாவின் வான் வண்டியில் ஏறினார்கள். தமிழ்நாட்டுக்காரியான ரத்னாவைக் குழுவில் சேர்த்ததே வானுக்காகத்தான். கூட்டங்களில் அவரை யாரும் பேச விட்டதில்லை.

பண்ணைக்காரன் அந்தக் குளிரிலும் வெறுங்காலோடு வந்து நின்றான். குணரத்தினம் பீச் கன்றைச் சுட்டிக்காட்டி, அன்று சொன்னதைத் தயவுகூர்ந்து மீண்டும் சொல்லுமாறு கொழும்புக் கந்தோர் ஆங்கிலத்தில் கட்டளையிட்டார்.

“பியர் ரூட், மேட். நட முதல் நல்லா ஊறவைக்கவேணும்.”

செல்வரத்தினம் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார்.

“பியர் ரூட்!” என்றான் அவன், இவர்களுக்குக் காது மந்தமோ என்ற இரக்கத்தோடு.

செல்வரத்தினத்தின் முகம் தொங்கிப்போயிற்று. “அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

குணரத்தினம் உடனே மன்னித்துவிடவில்லை. எரு மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி, தானே ஆயுட்காலத் தலைவர் என்ற தீர்மானத்தை வாசகம் வாசகமாகச் சொன்னார். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிந்தார். பிறகு வெட்கம் தீர ஆளுக்கொரு பீச் கன்று வாங்கினார்கள். உள்ளி, வெங்காயம்கூடத் தொடாத பொருளாளர், “மரம் எந்த பியரை விரும்பும், அண்ணை?” என்று மெல்ல விசாரித்தார்.

“அப்ப மன்றத்தின்ர செலவில எல்லாருக்குமாச் சேர்த்தே எடுப்பம்,” என்றார் செல்வரத்தினம். “ரத்னா, வானை நேரா மதுக்கடைக்கு விடுங்கோ.”

ரத்னா வானை எடுக்கவில்லை.

“சார், அது பியர் இல்ல, ‘பேர்’ ரூட். இந்த நாட்டுக்காரங்க வாயில அப்படித்தான் வரும். மண்ணு ஒட்டாத வெறும் வேர், தண்ணில ஊறவைக்கணும். செருப்பில்லாத தன் காலையும் இந்த மனுஷன் ‘பியர் ஃபுட்’னுதான் சொல்வாரு, அதையும் கிடாரத்துல போடுவீங்களா?”