இரண்டாம் அத்தியாயத்தில் நான் மூழ்கியது தொடர்பாக

ரிவர்டன்,
ஜூலை, வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் திருமதி ரொவீனா ஹால்ஸ்டெட் அம்மையார் அவர்களுக்கு, ரிவர்டனில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஃபெர்கஸ் மெக்லீஷ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி ஷோனாவும் நலமாக இருக்கிறோம். எல்லாரும் கடிதத்தில் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். திருத்தப்பட்டுத் தங்கள் மேசைக்குத் திரும்பி வரவிருக்கும் நாவலின்படி நான் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் நலமாக இருப்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வெலிங்டனில் தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், முக்கியமாகத் தங்கள் தந்தையார் இருந்தால் அவரும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டுகிறேன்.

நான் கிர்ஸ்டியின் அப்பா. எங்களுக்கு ஒரே மகள். டுனீடின் நகரில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்துவிட்டு, போன கோடையில் பெட்டி படுக்கையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று நாங்கள் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தோம். வந்தவள் பின்னறையில் உட்கார்ந்து நாவல் எழுத ஆரம்பித்தாள். நகரத்தை விட்டுச் சொந்த ஊருக்கு வருகிற ஓர் இளம்பெண், அப்பா அம்மாவோடு இருக்கிறாள், ஒருவனை விரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. அதில் வருகிற அப்பா பேருந்து ஓட்டுகிறார், காலையில் ராகமில்லாமல் பாடுகிறார், சீஸ் ரோலை நின்றபடியே தின்கிறார். படித்துப் பார்த்தேன். அந்த மனிதரிடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு அது தங்களிடம் வந்தது. தங்கள் பதிலும் வந்தது. கிர்ஸ்டி சமையலறையில் நின்று அதைப் படித்தாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அப்பா சரியில்லைங்கிறாங்க."

"எந்த அப்பா?"

"கதையில வர்ற அப்பா. ரொம்ப நல்லவரா இருக்காராம். இப்படி ஒரு அப்பா வீட்டுல இருந்தா அந்தப் பொண்ணு செய்யற எதுக்கும் ஒரு காரணமே இல்லாமப் போயிடுதாம். இந்த வயசுப் பொண்ணுக்கு மனசுல ஒரு காயம் இருக்கணுமாம்."

சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கசாப்புக்காரர் கிடாயைப் பார்ப்பாரே, அப்படி. எனக்கு அப்போது புரியவில்லை. அந்த வாரமே, இரண்டாம் அத்தியாயத்தில், மீன்பிடிப் படகில் ஏறிப் போய் நான் மூழ்கிவிட்டேன்.

அம்மையார் அவர்களே, எனக்குப் படகு ஆகாது. ஸ்டூவர்ட் தீவுக்குப் போகிற படகைக் கரையில் நின்று பார்த்தாலே எனக்குக் குமட்டும். எங்கள் தேனிலவுக்குக்கூட ஷோனா மட்டும்தான் தீவுக்குப் போய்வந்தாள். நான் படகு புறப்படுகிற பிளஃப் கரையில், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட மட்டன் பை தின்றுகொண்டு காத்திருந்தேன். இது ஊருக்கே தெரியும். அதனால் மகளிடம் நியாயமாகத்தான் கேட்டேன்: "நான் எதுக்கும்மா அந்தப் படகுல ஏறினேன்?"

"கதைக்கு வேணும்ப்பா."

"கதைக்கு வேணும், சரி. எனக்கு என்ன வேணும்? இன்ன காரணத்துக்காக ஏறினான்னு ஒரு வரி எழுதக்கூடாதா?"

அப்படிக் கேட்டது என் வாயின் குற்றம். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு, "ஆமாப்பா, நீங்க கேக்கறது சரிதான். ஒரு காரணம் இருக்கணும்" என்று உள்ளே போனாள். அடுத்த திருத்தத்தில் நான் குடிகாரனாகியிருந்தேன்.

இதற்கிடையில் ஷோனா நான் மூழ்கிய பக்கத்தைப் படித்துவிட்டாள். படித்தவள் நேராகத் தெருவுக்கு வந்து, பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்த என்னை ஈரத்தோடு கட்டிக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுவதும் ஆட்டிறைச்சி வறுவல், பாவ்லோவா கேக், காட் மீன் பொரியல் என்று ஒரே விருந்து. இருபத்தெட்டு வருஷ இல்லறத்தில் நான் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டது இறந்த பிறகுதான். அந்த ஒன்றில் மட்டும் தங்கள் மேல் எனக்குப் புகார் இல்லை.

ஆனால் குடி விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. எழுத்துப்பிழை பார்ப்பதற்காக கிர்ஸ்டி அந்தத் தாள்களைப் பக்கத்து வீட்டு மேவிஸ் தர்லோவிடம் கொடுத்திருந்தாள். மேவிஸ் நல்ல மனுஷி, பிழையெல்லாம் கச்சிதமாகத் திருத்திவிட்டார். கூடவே, ஊரார் பந்து உருட்டி விளையாடுகிற பௌல்ஸ் கிளப்பில், "அது கதைதான், எனக்குத் தெரியாதா? ஆனா பாவம், அந்தப் பொண்ணு மனசுல ஏதோ கிடக்கு" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். எங்கள் ஊருக்கு ஒரு தடவை போதும். சனிக்கிழமை கிளப்புக்குப் போய் வழக்கம்போல ஒரு பீர் கேட்டேன். கொடுக்கிறவர் என் முகத்தைப் பார்க்காமல் எலுமிச்சை சோடாவை வைத்து, "இது கிளப்போட உபசாரம், காசு வேண்டாம் ஃபெர்கஸ்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. திங்கட்கிழமை பேருந்தில் ஏறிய பிள்ளைகளெல்லாம் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

மகளிடம் சொன்னேன்: "சும்மா யாராவது குடிப்பாங்களா? நான் ஏன் குடிக்கறேன்?" மறுபடியும் வாய்தான். ஏன் குடிக்கிறார் என்று அவள் யோசித்ததில், மூன்றாவது திருத்தத்தில் எனக்கு ஸ்டூவர்ட் தீவில் ஒரு பழைய காதலி கிடைத்தாள். அவளைப் பார்க்கத்தான் நான் படகில் ஏறினேனாம்! இப்போது எல்லாம் பொருந்திவிட்டது என்று கிர்ஸ்டி கைதட்டிக்கொண்டாள். ஷோனா கைதட்டவில்லை. அன்று மாலை உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்:

"யாரு அவ?"

"எவ?"

"தீவுல இருக்கறவ."

"ஷோனா, நான் தீவுக்குப் போனதே இல்லையே!"

"அதைத்தான் கேக்கறேன். ஏன் போனதே இல்ல?"

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பின்னறையிலிருந்து கிர்ஸ்டி, "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, இங்க ஒரு குடும்பம் உடைஞ்சிக்கிட்டிருக்கு!" என்று கத்தினாள்.

இதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். செத்தவன் செத்தபடி கிடந்திருப்பேன். ஹேமி விஷயத்துக்கு வருகிறேன். ஹேமி பெயிண்டர். இலையுதிர்காலத்தில் எங்கள் சமையலறைக்கு வர்ணம் அடிக்க வந்தான். ஒரு வாரத்து வேலை மாதக் கணக்கில் நீண்டது. சுவரில் குறை எதுவும் இல்லை, கிர்ஸ்டி அங்கே உட்கார்ந்து டீ குடித்ததுதான் காரணம். வாயாடிப் பயல். ஏணி மேலிருந்தும் பேசுவான், பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டும் பேசுவான், தன் அத்தைகள் அத்தனை பேரின் சண்டையையும் குரல் மாற்றி நடித்துக் காட்டுவான். அவன் சாப்பாட்டு மேசையில் இருந்தால் ஷோனாவுக்குக் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிப்பு. கிர்ஸ்டியின் முகத்தில் அப்போது இருக்கிற வெளிச்சத்தை நான் தங்களுக்கு எழுத்தில் காட்ட முடியாது. அவளும் காட்டவில்லை. நாவலில் வருகிற காதலன் படகுத்துறையின் முனையில் தனியாக நிற்கிறான், கடலைப் பார்க்கிறான், என்ன என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறான். அந்த மௌனத்தில் அவள் விழுந்துவிடுகிறாள். இதை அவள் ஹேமியிடமே படிக்கக் கொடுத்தாள்.

அடுத்த நாளிலிருந்து ஹேமி பேசவில்லை. சாப்பிட வந்தான், "ம்" என்றான். அத்தைகளைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்காங்க" என்றான். இரண்டாம் தடவை இறைச்சி வேண்டாம் என்று தட்டை நகர்த்தியபோது ஷோனா அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டான். கிர்ஸ்டி எழுதுவதை நிறுத்திவிட்டாள். துணி காயப்போடப் போகிறேன் என்று கொட்டகைக்குள் போய் அழுதாள். மழை பெய்கிற நாளில் யார் துணி காயப்போடுவார்கள்? அவனுக்கு வேறு யாரோ கிடைத்துவிட்டாள் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வீட்டில் நான் பாடுவதைக்கூட விட்டுவிட்டேன். யாரும் அதற்கு நன்றி சொல்லவில்லை.

நேற்று பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தோடு திரும்பும்போது, படகுத்துறை முனையில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. குளிர்காலத் தெற்குக் காற்று ஆளைத் தூக்குகிறது, கோட்டுகூட இல்லை. ஹேமி.

"டேய், இங்க என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்ல."

"மீன் பிடிக்கறியா?"

"இல்ல." தொடுவானத்தைப் பார்த்தான். பிறகு பெரிதாகத் தும்மினான்.

"வந்து பஸ்ல ஏறு. ஹீட்டர் போட்டிருக்கேன்."

முன் இருக்கையில் உட்கார்ந்து, விரலில் உணர்ச்சி திரும்பியதும், அடைத்து வைத்ததெல்லாம் கொட்டியது. "அவ எழுதினதைப் படிச்சேன் ஃபெர்கஸ். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசறதில்ல, அவ அப்படியே உருகிப்போறா. நான் தூக்கத்துலகூடப் பேசறவன். அப்ப அவளுக்குப் பிடிச்ச ஆளு நான் இல்லதானே? சரி, பழகிப் பாப்போம்னு நினைச்சேன். பேசாம இருக்கறதுகூடப் பரவாயில்லங்க. இந்தக் கடலைப் பாத்து என்ன நினைக்கணும்னுதான் தெரியல. அவன் மனசுல ஆழமா ஏதோ ஓடுதுன்னு அவ எழுதியிருக்கா. என் மனசுல மட்டன் பைதான் ஓடுது."

அந்த இடத்தில் எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. நேராக வீட்டுக்கு ஓட்டினேன். கிர்ஸ்டி கதவைத் திறந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சொல்லிடு ஹேமி. யாரு அவ?" என்றாள். அம்மாவின் அதே குரல்.

"நீ எழுதினவதான்" என்றான் ஹேமி. "பேசாதவனைப் பிடிக்குதுன்னு எழுதினியே, அவ."

"லூசு! கதையில எழுதறதெல்லாம் நமக்கு வேணும்னா எழுதறோம்? நிஜத்துல ஒருத்தன் அப்படி நின்னா நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அப்ப நான் பேசலாமா?"

"பேசித் தொலை!"

பேசினான். ஷோனா உணவை எடுத்து வைத்து, நாங்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை பேசினான். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, இத்தனை கலவரத்துக்கும் மூலமான கேள்வியை நானே மகளிடம் கேட்டேன்: "உண்மையில நீ ஏம்மா ஊருக்குத் திரும்பி வந்தே?"

அவள் தோளைக் குலுக்கினாள். "டுனீடின்ல ஒரு நாள் பஸ்ல போயிட்டிருந்தேன். யாரும் யார்கூடவும் பேசல. எனக்கு வீட்டுக்கு வரணும்போல இருந்துச்சு. வந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ப்பா. எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

நான் எழுந்துபோய் கெட்டிலைப் போட்டேன். ஏற்கெனவே கொதித்துத்தான் இருந்தது.

ஆகவே அம்மையார் அவர்களே, என் கோரிக்கை இதுதான். காயம் பட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு, அவர்களைப் பற்றியும் எழுதட்டும். ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு பெண் வீட்டுக்கு வருவதும் ஒரு காரணம்தான் என்று தாங்கள் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டு, வாயாடியைக் காதலிக்க அவளை அனுமதித்து, என்னைக் கரையேற்றிவிட வேண்டும். குடியை நிறுத்திவிடவும். தீவிலிருக்கும் அம்மணிக்கு வேறு நல்ல இடமாகப் பார்க்கவும்.

தங்கள் கண்பார்வை, தங்கள் அலுவலகத்துக் கூரை, தங்களிடம் வருகிற எல்லாக் கதைகளிலும் இருக்கிற அப்பாக்கள், யாவும் நெடுநாள் பழுதில்லாமல் இருக்க வாழ்த்தும்,

ஃபெர்கஸ் மெக்லீஷ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கிர்ஸ்டி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். தாங்கள் என்னைக் கொல்லச் சொல்லவே இல்லையாம். அப்பா பாத்திரம் அருமை, அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாமே என்றுதான் சொன்னீர்களாம். "அப்ப ஏம்மா என்னைக் கொன்னே?" என்று கேட்டேன். "எழுத உக்காந்தா நீங்க எல்லாரையும் சிரிக்க வச்சிடறீங்கப்பா. நீங்க ஒரு பக்கத்துல நுழைஞ்சா அங்க யாராலயும் சோகமா இருக்க முடியல. முதல் நாவல், கொஞ்சமாவது சோகம் வேண்டாமா? நானா முடிவு பண்ணினேன்னு சொன்னா வருத்தப்படுவீங்கன்னு அவங்க மேல பழியைப் போட்டேன்" என்கிறாள். "அதுக்கு அம்மா இருந்தாளே?" என்றேன். "அம்மாவைக் கொல்ல மனசு வரல" என்கிறாள். எனவே மேலே எழுதியிருப்பது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். நான் இறந்தவனாகவே இருந்துகொள்கிறேன். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.