மைக்கைத் தொடாத மனிதர்

உலக அரசியல் வரலாற்றை இனி இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் தெருவில் நடந்த சோதனைக்கு முன், அதற்குப் பின். நல்ல தலைவரை அறிவியல் முறைப்படி கண்டுபிடிக்க முடியும் என்று நிறுவியவர்கள் நாங்கள். இயற்பியல் படித்தவள் என்ற ஒரே காரணத்தால் நான் அதில் 'அறிவியல் ஆலோசகர்'. ஆலோசனை எதையும் நான் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதனால் எல்லாவற்றுக்கும் நான் சம்மதித்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது.

சோதனைக்குக் காரணம் ஒரு குழி. எங்கள் வீட்டு வாசலுக்கும் பக்கத்துக் கூட்ட அரங்கின் வாசலுக்கும் பொதுவாக, மூடி இல்லாமல் கிடந்த சாக்கடைக் குழி. அதில் விழுந்துதான் அப்பா காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்ததும், தினமும் நடந்தால்தான் கால் பழையபடி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கைத்தடியோடு வாசல்வரை வருவார். குழியைப் பார்ப்பார். திரும்பி உள்ளே போய்விடுவார்.

"அது என்னப் பாக்குது, நான் அதப் பாக்கறேன். யாரு மொதல்ல கண்ண எடுக்கறதுன்னு போட்டி" என்றார் ஒருநாள்.

எங்கள் மாமன்ற உறுப்பினர் குழியைக் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். அரசியலையே தொழிலாகக் கொண்டவர் அவர். தொழிலில் குறை வைக்கமாட்டார். தேர்தலுக்குத் தேர்தல் குழியின் விளிம்பில் மைக்கோடு நின்று, அது குழியல்ல, தனக்கு விடப்பட்ட சவால் என்று முழங்குவார். சவாலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

பொறுத்துப் பார்த்த தெருக்காரர்கள் 'மாற்றுத் தலைமை இயக்கம்' தொடங்கினார்கள். செயலாளர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அரசியல்வாதிகளைப் பிடித்திருக்கும் நோய் எது என்று அவர் ஆராய்ந்து வைத்திருந்தார். நோயின் பெயர் மைக்.

"ஆளத் தனியா ஒரு ரூம்ல விடுவோம். மேசை மேல மைக் இருக்கும். அரைமணி நேரம் அதத் தொடாம இருக்கறவர்தான் நம்ம வேட்பாளர்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னேன். கேட்க ஆளில்லாத அறையில் யாரும்மா பேசுவார்கள் என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு அரசியல் தெரியாது.

சோதனை நாளன்று அரங்கத்தின் பின்னறை ஜன்னல் வழியாகக் கவனிப்பது என் பணி. முதலில் வந்தவர் வக்கீல். குழியை ஒரே தாண்டாகத் தாண்டி வந்தார். மைக் வேலை செய்கிறதா என்று மட்டும் ஊதிப் பார்த்தார். பிறகு, காலி நாற்காலிகளைப் பார்த்து, திரளாக வந்திருந்து சிறப்பித்ததற்கு நன்றி தெரிவித்தார். அடுத்து என் தாய்மாமா. குழியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மைக்கை அவர் தொடவே இல்லை. அது இல்லாமலேயே பேசினார். அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று குழு நெடுநேரம் விவாதித்தது. கடைசியில் நீக்கப்பட்டார். இன்றுவரை என் அம்மாவோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மைக்கின் வயர் எதிலும் செருகப்படவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த போட்டியாளர், எங்கள் தெருப் பல் டாக்டர் அக்கா, தாமதமாக வந்தார். முழங்கை வரை சேறு.

"டைம் என்ன ஆகுது பாத்தீங்களா டாக்டரம்மா?" என்றார் செயலாளர்.

"வாசல்ல குழி திறந்து கெடக்குது சார். க்ளினிக்ல பழைய கதவு ஒண்ணு சும்மா இருந்துச்சு. அதக் கொண்டாந்து மேல போட்டுட்டு வந்தேன். குழியப் பாத்தா அடைக்காம இருக்க முடியல, தொழில் அப்படி."

செயலாளர் கடுமையானார். குழியைப் பற்றிப் பிறகு பேசலாம், இப்போது தலைமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். நேரம் தவறியதற்காக அக்கா நீக்கப்பட்டார். சிரித்துக்கொண்டே கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை அப்பா அந்தக் கதவின் மேல் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். ஒரு காலை வைத்தார். பிறகு மறுகாலை. தெருமுனைவரை போய்த் திரும்பினார். வந்ததும் அம்மாவிடம் காபி கேட்ட குரலிலேயே ஒரு மிடுக்கு இருந்தது.

வென்றவர் கடிகாரக் கடைக்காரர். அரைமணி நேரமும் கண்ணை மூடி, கன்னத்தில் கைவைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தவத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். கையை வைத்திருந்த பக்கம் கன்னம் வீங்கியிருந்ததை நான் மெல்லச் சொன்னேன். அது முகத்துக்குத் தனிக் களை தருவதாகக் குழு கருதியது.

வேட்பாளர் அறிமுகக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, அரங்கத்தின் முன்னால். மேடையில் அவர் படத்தை மாட்ட உறுதியான பலகை வேண்டும். செயலாளரின் கண் தெருவைத் துழாவியது.

"அதோ கெடக்குது பாருங்க, நல்ல கதவு. யாருக்கும் உபயோகமில்லாம."

தொண்டர்கள் ஓடினார்கள்.

"சார், அது..." என்றேன்.

"வெயிட்டெல்லாம் இருக்காதும்மா, அவங்க தூக்கிருவாங்க" என்றார் செயலாளர்.

கூட்டம் தொடங்கியது. இடைப்பட்ட நாளில் கடிகாரக் கடைக்காரர் பல் டாக்டர் அக்காவிடம் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டது எங்கள் யாருக்கும் தெரியாது. வீக்கம் வற்றிய முகத்தோடு மேடை ஏறினார். மைக்கைப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்தார்.

"இத்தன நாளா நாம பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துட்டோம்" என்று ஆரம்பித்தார். அதன்பின் நிறுத்தவில்லை. ஒரு கட்டத்தில், தன் படம் மாட்டிய கதவுக்கு முன்னால் நின்று, குழியைச் சுட்டிக்காட்டினார். தன்னைத் தேர்ந்தெடுத்தால் அதை மூடாமல் ஓயமாட்டேன் என்று சூளுரைத்தார். அப்படியொரு கைத்தட்டல். கடைசி வரிசையில் அக்கா மட்டும் தன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு, நடைக்குத் தயாராக, கைத்தடியோடு குழியின் அந்தப்பக்கம் நின்றிருந்தார்.

"கதவு எங்கம்மா?"

மேடையைக் காட்டினேன்.

அப்பா மேடையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"பழையவரு குழிய மூடல, வாஸ்தவந்தான். ஆனா மூடிக் கெடந்த குழியத் தொறந்து விட்டது அவரில்லம்மா" என்றார்.