சம்மதம், 180 ஜிஎஸ்எம்

எழுத்தைக் கண்டுபிடித்தது யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனால் எழுத்தைப் படிக்காமலேயே, அதற்குச் செய்யவேண்டிய மரியாதை அனைத்தையும் செய்து, மடித்து, பாலிதீன் உறையில் போட்டு, கப்பலேற்றி அனுப்பும் மாபெரும் கலையைக் கண்டுபிடித்தது திருப்பூர்தான். இதில் தகராறுக்கே இடமில்லை.

அந்தக் கலையின் சிகரம் சதீஷ்குமார். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஆயிரம் டி-சர்ட்டை மேசையில் கொட்டினாலும், ஊசிமுனை அளவு ஓட்டை எதில் இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வார். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். ஒட்டிவிட்டால், முதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்தப் பீஸ் பெட்டிக்குள் போகாது. அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ் என்று உலகத்து மொழிகள் எல்லாம் அவர் கைவழியே போயிருக்கின்றன. ஒன்றையும் அவர் படித்ததில்லை. எழுத்து காலரிலிருந்து எட்டு சென்டிமீட்டர் கீழே தொடங்குகிறதா, மை பரவியிருக்கிறதா, கழுவினால் உரிகிறதா என்பவைதாம் எழுத்தைப் பற்றி ஒரு நாகரிக மனிதன் கேட்கவேண்டிய கேள்விகள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது, விருந்தாளியிடம் சம்பளம் கேட்பது மாதிரி அநாகரிகம்.

ஏற்றுமதியில் மிஞ்சிய பீஸ்கள் ஊருக்குப் போகும். சதீஷ்குமாரின் அப்பா சுப்பையன், குண்டடத்துக்குப் பக்கத்தில் ஆவரங்காட்டுப்புதூரில் நாலு ஏக்கரும் ஒரு கிணறும் வைத்து விவசாயம் பார்ப்பவர். கும்பாபிஷேகமோ துக்கமோ, எல்லாவற்றுக்கும் ஒரே நீல டி-சர்ட்டில்தான் போவார். 'எனக்கு மூன்றாவது மாதம், வாழ்த்துங்கள்' என்று அதன் மார்பில் டச்சு மொழியில் எழுதியிருந்தது. பத்து வருடமாக அவரை யாரும் வாழ்த்தவில்லை. துணியை மட்டும் விரலில் தேய்த்துப் பார்த்து, "நல்ல காட்டனுங்க" என்றார்கள். பெரியவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் மகாசுகம் குழுமம் ஒரு சாயப் பூங்காவை வழங்க முன்வந்தது. சோப்பு, சிமெண்டு, மருத்துவமனை, டிவி சேனல் என்று மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச்சேரும்வரை தேவைப்படும் சகலத்தையும் தயாரிக்கும் குழுமம் அது. சாயப்பட்டறைகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்ட முந்நூறு ஏக்கர் வேண்டும் என்றது. சுப்பையனின் நாலு ஏக்கரும் கிணறும் அதற்கு நட்டநடுவில் வந்தன. முறைப்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது.

சுப்பையனின் மனைவி நஞ்சம்மாள்தான் முதலில் எழுந்தார். "ஏனுங்க சார், பூங்கான்னா பூவெல்லாம் இருக்குமுங்களா?"

கூட்டத்தை நடத்த வந்திருந்த நிலமெடுப்புச் சிறப்பு அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "கழிவுநீர்த் தொட்டி பன்னெண்டு இருக்குதுங்கம்மா."

அடுத்து சுப்பையன் எழுந்தார். "எங்க கெணத்துத் தண்ணிக்கு இன்னைக்கு வரைக்கும் நெறமில்லீங்க. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும். நெலம் தர்றதுக்கில்லீங்க."

வந்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். மகாசுகம் துளியும் வருத்தப்படவில்லை. "மக்கள் கருத்தை நாங்கள் தலைவணங்கி மதிக்கிறோம்" என்று அதன் மேலாளர் பேட்டி கொடுத்தார். "அது மாறும்வரை மதிப்போம்."

மூன்றே வாரத்தில் ஊருக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். நிகழ்ச்சியின் பெயர் 'ஆடு ஊரே ஆடு'. ஓர் ஊரையே ஒட்டுமொத்தமாக ஆடவைத்து, நன்றாக ஆடிய ஊருக்குக் கோப்பை கொடுப்பார்கள். சேனல் மகாசுகத்துடையது என்பது தற்செயல். ஊருக்கே ஒரே மாதிரி மஞ்சள் டி-சர்ட் வேண்டும் என்று வந்த ஆர்டர் சதீஷ்குமாரின் கம்பெனிக்கே வந்ததும் தற்செயல். தற்செயல்களை இவ்வளவு ஒழுங்காக அடுக்க ஒரு பெரிய நிர்வாகத்தால்தான் முடியும்.

சதீஷ்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவும் அம்மாவும் டிவியில் போட்டு ஆடப்போகிற துணி. ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது என்று செக்கிங் டேபிளுக்கு அவரே வந்து நின்றார்.

அங்கே சித்ராதேவி என்று ஒருத்தி இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து எட்டு வருடம் ஆகிறது. வேலையில் கெட்டி. ஒரே ஒரு கெட்ட பழக்கம், படிப்பாள். வடை மடித்துக் கொடுத்த தாளைக்கூட விரித்து, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவாள்.

"சார், முதுகுல இருக்க பிரிண்ட்டப் பாத்தீங்களா?"

"பார்த்தனே. ஏன், மை பரவியிருக்குதா?"

"அதெல்லாம் இல்ல சார். 'எங்கள் நிலம் மகாசுகத்துக்கே, முழு மனதோடு சம்மதம்'னுல்லா போட்டிருக்கு."

சதீஷ்குமார் பீஸை வாங்கி டேப்பை வைத்து அளந்தார். "ரெண்டாவது வரி நடுவுல இருந்து ரெண்டு மில்லி எடப்பக்கம் போயிருக்குது. அஞ்சு மில்லி வரைக்கும் கொறையில்ல. அதையா சொல்றே?"

"அர்த்தத்தச் சொல்லுதேன் சார்."

"அர்த்தத்துக்கு ஷீட்டுல கட்டம் இருக்குதா?"

அவள் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டை எடுத்து விரலை ஓட்டித் தேடினாள். ஓட்டை, கறை, தையல், அளவு, நிறம், பட்டன் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பட்டனே இல்லாத துணிக்குப் பட்டன் கட்டம் இருந்தது. அர்த்தத்துக்கு இல்லை.

"இல்ல சார்."

"கட்டம் இல்லாததையெல்லாம் செக் பண்ணிட்டிருந்தா ஒரு ஷிப்மெண்ட்டும் போவாது, கண்ணு."

சோதனைகள் தொடங்கின. சம்மதத்தை இருபது முறை கழுவினார்கள், உரியவில்லை. வெள்ளைத் துணியால் நூறு முறை தேய்த்தார்கள், சாயம் ஒட்டவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். எவ்வளவு இழுத்தும் சம்மதம் விரிசல் விடவில்லை. நானூற்றைம்பது பீஸில் ஒன்றுக்குக்கூட அம்புக்குறி ஒட்டவேண்டி வரவில்லை. அவருடைய சர்வீஸிலேயே அப்படி ஒரு சுத்தமான லாட் போனதில்லை.

படப்பிடிப்பன்று சதீஷ்குமார் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனார். சுப்பையன் டி-சர்ட்டை வாங்கி, வழக்கம்போல இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"எத்தன ஜிஎஸ்எம்மு கண்ணு?"

துணியின் கனத்தை இப்படிக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் உடம்பில் மாட்டுவதில்லை. "நூத்தியெம்பதுங்கப்பா" என்றார் சதீஷ்குமார், பெருமையோடு. பெரியவர் மாட்டிக்கொண்டார். ஊரும் மாட்டிக்கொண்டது.

பாட்டு போட்டார்கள். முட்டிவலியால் ரேஷன் கடைக்குக்கூட நடக்காத நஞ்சம்மாள் இரண்டடி உயரம் எகிறினார். ஊர்த் தகராறில் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் தோள்மேல் கைபோட்டு ஆடினார்கள். தொகுப்பாளினி பிரியங்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க! ரெண்டு கையும் மேல! சந்தோஷமா?"

"சந்தோஷமுங்கோ!"

"கேக்கல!"

"சந்தோஷமுங்கோ!"

கேமராவுக்கு முதுகைக் காட்டி, எண்ணூறு கைகள் வானத்தில் நின்றன. சுப்பையனுக்கு 'சிறந்த துள்ளல்' விருது கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. ஊரே பார்த்தது. தன் தலை எங்கே என்று தேடுகிறவன் அடுத்தவன் முதுகில் இருப்பதையா படிப்பான்? ஆனால் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேடத் தலை எதுவும் இல்லாததால் அவர்கள் படித்தார்கள். ஊத்துக்குளியிலும் மடத்துக்குளத்திலும் டீக்கடையில், "அவங்களே ஆடிப்பாடிக் குடுக்கறப்ப நமக்கென்னங்க?" என்று பேசிக்கொண்டார்கள். 'ஆனந்தக் கூத்தாடி நிலம் தந்த அதிசய ஊர்' என்று செய்தியில் சொன்னார்கள். நான்கு நிபுணர்கள் உட்கார்ந்து ஒரு மணிநேரம் ஒருவரையொருவர் ஆமோதித்தார்கள். அடுத்த வாரம் சுப்பையனுக்குக் கடிதம் வந்தது: ஊரின் சம்மதம் பெறப்பட்டது, நன்றி.

அப்பாவும் மகனும் சிறப்பு அதிகாரியைப் பார்க்கப் போனார்கள்.

"நாங்க சம்மதிக்கவே இல்லீங்களே சார்" என்றார் சுப்பையன்.

அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிவைத்துப் படத்தை நிறுத்தினார். "இது நீங்கதானுங்களே?"

"நானேதானுங்க. துள்ளல் பரிசு வாங்குனனுங்க."

"முதுகுல இருக்கிறதப் படிங்க."

சுப்பையன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒருதடவை வேகமாகப் படித்தார். மறுதடவை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இது பனியனுங்க சார்."

"உங்க உடம்புல இருக்கிறது உங்க கருத்துதானுங்க ஐயா. யாராச்சும் புடிச்சு வச்சு மாட்டிவிட்டாங்களா?"

"இல்லீங்க. துணி நல்லா இருந்துச்சுங்க."

பெரியவர் மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "கண்ணு, இது உன்ற கையில இருந்துதான வந்துச்சு. நீ பார்க்கலையா?"

"பார்த்தனுங்கப்பா. ஒவ்வொரு பீஸா பார்த்தனுங்க. ஒரு கொறையும் இல்லீங்க."

ஊருக்குத் திரும்பும்போது சுப்பையன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று சதீஷ்குமாருக்கு இருந்தது. மறுநாள் கம்பெனியில் சுருளிலிருந்து ஓர் அம்புக்குறியைக் கிழித்துத் தன் சட்டைப் பையின்மேல் ஒட்டிக்கொண்டார். கம்பெனியின் புது பேட்ஜ் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு பேர் தங்களுக்கும் கேட்டார்கள்.

சதீஷ்குமார் கம்பெனிக்குக் கொண்டுவந்த கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததைச் சித்ராதேவிதான் படித்துச் சொன்னாள். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளில் கூட்டத்தில் நேரில் தெரிவிக்கலாம். சதீஷ்குமார் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டார். மேலே 'அர்த்தம்' என்று எழுதினார். முதலாளியின் காலைப் பிடித்து மிஷினுக்கு நேரம் வாங்கி, மறுபடி நானூற்றைம்பது மஞ்சள் டி-சர்ட் அடித்தார். 'எங்கள் நிலத்தைத் தரமாட்டோம். சம்மதம் இல்லை.' முன்னாலும் பின்னாலும்.

"படி, கண்ணு."

"எங்கள் நிலத்தைத் தரமாட்டோம். சம்மதம் இல்லை."

"அர்த்தம்?"

"தரமாட்டோம்னுதான் சார் அர்த்தம்."

"ஓகே. அடுத்த பீஸ்."

மூன்று நாள் இப்படியே நடந்தது. மூன்றாம் நாள் முடிவில் பீகாரிலிருந்து வந்த பையன்கள்கூட டீ வந்தால் "தரமாட்டோம்!" என்று குரல் கொடுத்துக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்தன்று நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மஞ்சளாக வந்து உட்கார்ந்தார்கள். டிவிக்காரர்கள் வரவில்லை. அவர்களுக்கு அன்று வேறு ஊரில் ஆட்டம் இருந்தது. சிறப்பு அதிகாரி மேடையிலிருந்து பார்த்தார். ஊசிமுனை ஓட்டையைத் தப்பவிடாத சதீஷ்குமாரின் கண் அதிகாரியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரியின் கருவிழிகள் இடமிருந்து வலமாகப் போயின. அடுத்த வரிக்கு இறங்கின. மறுபடி இடமிருந்து வலமாகப் போயின. படித்துவிட்டார். சந்தேகமே இல்லை. சதீஷ்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்தார். சுப்பையனின் கைப்பகுதியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அருமையான துணிங்க. எத்தன ஜிஎஸ்எம்மு?"

"நூத்தியெம்பதுங்க" என்று பழக்கதோஷத்தில் சதீஷ்குமாரின் வாய் சொல்லிவிட்டது.

"எழுத்தப் படிங்க சார்" என்றார் சுப்பையன்.

"பனியன்ல எழுதறதெல்லாம் கருத்தாகாதுங்க ஐயா."

"அன்னைக்குப் பனியன்ல இருந்ததத்தான சம்மதம்னு சொன்னீங்க?"

"அது டிவியில வந்துச்சுங்களே!" அதிகாரி அன்போடு விளக்கினார். "டிவியில வந்தா அது பொதுக்கருத்துங்க. நேர்ல வந்தா வெறும் கூட்டமுங்க."

"தரமாட்டோம்!" என்று ஊர் கத்தியது. அதிகாரி கூட்டம் உற்சாகமாக இருப்பதாகக் குறித்துக்கொண்டார். பிறகு அறிக்கையை நின்றபடியே எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். 'கலந்துகொண்டோர் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அனைவரும் ஒரே நிறத்தில், ஒற்றுமையாக வந்திருந்தனர். துணியின் தரம் குறித்துப் புகார் ஏதுமில்லை.'

இந்த இடத்தில் நான் ஒரு தவறை ஒப்புக்கொண்டாகவேண்டும். படிக்காமலிருக்கும் கலையில் திருப்பூர்தான் முதலிடம் என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டேன். நாங்கள் வெறும் கற்றுக்குட்டிகள். நாங்கள் படிக்காததால் படிக்கவில்லை. அதிகாரி படித்துவிட்டுப் படிக்கவில்லை.

சதீஷ்குமார் சட்டைப் பையில் கைவிட்டார். சுருளிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஒன்றைக் கிழித்து, அதிகாரியின் வெள்ளைச் சட்டையில், இதயம் இருக்கிற பக்கமாகப் பார்த்து ஒட்டினார்.

"என்னங்க இது?"

"கொறைங்க சார். இருக்கிற எடத்துல ஒட்டோணும்."

அதிகாரி குனிந்து அதைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார்.

"பசை நல்லாப் புடிச்சிருக்குதே" என்றார். "எந்தக் கம்பெனிங்க?"