நார்வே நாடகத்தில் நான் போர்த்திய பொன்னாடை

என் நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் இரண்டே வாக்கியங்கள் இருக்கின்றன: "நாடகம் அபாரம். என்னைத்தான் கட்டிப் போட்டிருக்க வேண்டும்."

ஊரில் நடப்பவற்றை நாள் தவறாமல் குறித்து வைப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. (அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான்.) என் மனைவி ஜெசிந்தா ஒரு நார்வே நாடகத்தைத் தமிழாக்கி, அது பிரேசர் டவுனில் ஒரு சின்ன அரங்கில் மேடையேறியபோது, நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் வேலையை நானாகவே பிடுங்கிக்கொண்டேன். "எட்டு மணி: நாடகம் நிறைவு. நடிகருக்குப் பொன்னாடை" என்று அச்சடித்தேன். சிவாஜிநகரில் பேரம் பேசிப் பொன்னாடை வாங்கியதும் நானே.

அது ஒரு சோதனை நாடகம். கடலோர வீட்டில் ஒரு கிழவனும் கிழவியும், ஓடிப்போன மகனுக்காகக் காத்திருக்கிறார்கள். பேசுவது கொஞ்சம், பேசாமல் இருப்பது நிறைய. மகன் கடைசிவரை வருவதில்லை. ஜெசிந்தாவின் தமிழோ, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பதுபோல அவ்வளவு உயிரோடு இருந்தது. எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் அனுமதி ரத்து என்பது ஆசிரியரின் நிபந்தனை. முன்வரிசையில் மூன்று விமர்சகர்கள்.

போக்குவரத்து நெரிசலால் நாடகம் தாமதமாகத் தொடங்கியது. அதையும் குறித்து வைத்தேன். குறித்தவன் அதை எட்டு மணியோடு கூட்டிப் பார்க்க வேண்டாமா? என் கடிகாரம் எட்டைக் காட்டியபோது கிழவன், "குளிருது" என்றான். பிறகு அமைதி. கிழவி ஜன்னலைப் பார்த்தாள். அமைதி நீண்டது. (நம் ஊர்க் கூட்டங்களில் இவ்வளவு நேரம் யாரும் பேசாவிட்டால் மைக் பழுது என்று பொருள்.) நாடகம் முடிந்துவிட்டது, கைதட்டத் தெரியாமல் விழிக்கிறார்கள் என்று முடிவு செய்து, பொன்னாடையோடு மேடையேறினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து இயக்குநர் கிரண், "அய்யோ தேவரே! அங்கிள், இன்னும் முடியல!" என்று கன்னடத்தில் கடவுளையும் ஆங்கிலத்தில் என்னையும் கூப்பிட்டுக் கிசுகிசுத்தான். அது காதில் விழுந்தபோது பொன்னாடை கிழவனின் தோளில் இருந்தது.

கிழவனாக நடித்தவன் தலைக்கு வெள்ளைப் பொடி போட்ட இளைஞன். எனக்கோ அறுபது கடந்துவிட்டது. அவன் துளியும் அதிரவில்லை. பொன்னாடையைத் தடவினான். மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"வந்துட்டியா?"

அப்படியொரு நடிப்புக்கு முன்னால் யாரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?

"வந்துட்டேன் சார்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். (சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு சொன்னாள்.) விளக்கு அணைந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஜெசிந்தா எழவில்லை. ஆட்டோவில்தான் வாய் திறந்தாள்.

"ஏங்க, அந்தப் பையன் வரவே மாட்டான். அதுக்காகத்தான் அந்த நாடகமே."

"தெரியாம நடந்துடுச்சு ஜெசி..."

"ப்ரோக்ராம் அடிச்சவரே நீங்க, தெரியாமலாம்! நான் நாடக ஆசிரியருக்கு உள்ளத உள்ளபடி எழுதிடப் போறேன். பெர்மிஷன் போனா போகட்டும்."

எழுதினாள். பதில் வருமுன் மதிப்புரைகள் வந்தன. மூன்றுமே அவள் மொழியைக் கொண்டாடின. ஆங்கில விமர்சகர், தந்தையைவிட மூத்தவராக மகனைக் காட்டியது காலத்தைப் பற்றிய துணிச்சலான பார்வை என்றார். கன்னட விமர்சகர், 'சார்' என்ற ஒரே சொல்லில் ஒரு குடும்பத்தின் இடைவெளி முழுவதும் தெரிந்தது என்று ஒரு பத்தியே எழுதினார். தமிழ் விமர்சகருக்கு மட்டும் ஒரு குறை: மகனாக வந்தவர் நடிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

ஒரு வாரம் எங்கள் வீட்டிலும் நார்வே நாடகம்தான் நடந்தது, பேச்சே இல்லை. பிறகு ஆசிரியரின் பதில் வந்தது. ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்துவிட்டு என் பக்கம் திருப்பினாள். அனுமதி தொடரும், ஆனால் அந்த மனிதர் இல்லாமல் இனி நடத்தக் கூடாது.

இன்றுவரை ஒரு காட்சியும் நான் தவறவிட்டதில்லை. கிரண் எனக்கு ஒத்திகை வைப்பதில்லை; கற்றுக்கொண்டால் கெட்டுவிடுவேனாம். வீட்டிலோ, காய்கறிப் பையோடு நான் நுழையும்போதெல்லாம் ஜெசிந்தா, "வந்துட்டியா?" என்று கிழவன் குரலில் கேட்பாள். நான் வாய் திறக்குமுன் மகள் உள்ளேயிருந்து, "வந்துட்டேன் சார்!" என்று கத்துவாள்.

கிழவியாக நடிக்கும் பெண்ணின் தம்பி ஆஸ்லோவில் வேலை பார்க்கிறான். அங்கே இப்போது மேடையேறும் இதே நாடகத்திலும் கடைசியில் ஒரு பெரியவர் போர்வையோடு வருகிறாராம். அவனுக்கு யாரோ சொன்னது. அவன் நேரில் பார்க்கவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன், அரங்கத்தார் பதில் அனுப்பவில்லை. ஆகவே இதை உறுதிப்படாத செய்தியாகவே இங்கே பதிகிறேன்.